வால் இல்லை என்றால் சேதம் இல்லையா? பென்சோபைரீனை வால்மீன் சோதனையில் பிடிக்கும் முறை

வால்மீன் சோதனையில் செல்லை ஜெல்லில் புதைத்து மின்சாரம் பாய்ச்சுகிறோம்; அறுந்த டிஎன்ஏ செல்லின் தலையிலிருந்து வெளியே இழுபட்டு வால்மீனின் வால்போலத் தெரியும். அந்த வால் தெரியவில்லை என்றதும் டிஎன்ஏ நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடுவதுதான் இந்தத் துறைக்குப் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. பென்சோபைரீன் போன்ற கரிம நச்சுகளில் இந்தத் தவறு இன்னும் பெரிதாகிவிடும். அது டிஎன்ஏ இழையை அறுப்பதைவிட அதிகமாக இழையில் போய் ஒட்டிக்கொள்கிறது. சோதனையோ அறுந்த இழையை மட்டும்தான் காட்டும். ஒட்டிக்கொண்டதைக் காட்ட வேண்டுமானால் சோதனைக்கு நாம் கொஞ்சம் கைகொடுக்க வேண்டும். எங்கே, எப்படிக் கைகொடுப்பது என்பதுதான் இங்கே விஷயம்.

கோலாலம்பூர், பினாங்குப் பல்கலைக்கழகங்களில் இறுதியாண்டு ஆய்வுக்கோ முதுகலைக்கோ இதைக் கையில் எடுப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறோம். செல் வளர்ப்பு ஓரளவு தெரியும், மைக்ரோபைப்பெட் பிடிக்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறோம்.

இழை எப்படிக் கெடுகிறது

பென்சோபைரீன் ஐந்து வளையங்கள் ஒட்டிய மூலக்கூறு. 20 கார்பன், 12 ஹைட்ரஜன். எந்தப் பொருளும் போதிய ஆக்ஸிஜன் இல்லாமல் புகைந்து எரிந்தால் இது பிறக்கும்: சுமத்ராவின் பீட் நிலத் தீ, டீசல் இஞ்சின், சிகரெட், சாத்தே சுடும் கரியடுப்பில் சொட்டும் கொழுப்பு. பிறந்த நிலையில் இது டிஎன்ஏவோடு வேதிப்பிணைப்பு எதுவும் ஏற்படுத்தாது. கெடுதலை உண்டாக்குவது நம் செல்லேதான்.

நீரில் கரையாத இந்தப் பொருள் செல் சவ்வைச் சுலபமாகக் கடந்து, உள்ளே இருக்கும் அரில் ஹைட்ரோகார்பன் ஏற்பியில் பிணைகிறது. அந்த ஏற்பி கருவுக்குள் போய், சைட்டோகுரோம் பி450 குடும்பத்தின் 1ஏ1, 1பி1 நொதிகளுக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. வந்த நச்சை நீரில் கரையச் செய்து வெளியே தள்ளுவதுதான் இந்த நொதிகளின் வேலை. முதலில் 7, 8ஆம் இடங்களில் ஓர் எப்பாக்சைடை ஏற்றுகின்றன. எப்பாக்சைடு ஹைட்ரோலேஸ் அதை டையோலாக மாற்றுகிறது. பி450 இரண்டாம் முறை கைவைக்கும்போது 9, 10ஆம் இடங்களில் இன்னோர் எப்பாக்சைடு ஏறுகிறது. இந்த டையோல் எப்பாக்சைடுதான் உண்மையான குற்றவாளி. வேலியே பயிரை மேய்ந்த கதை.

இது குவானினின் இரண்டாம் இடத்து அமினோ நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். அப்படி ஒட்டிய பருத்த கட்டியை (ஆங்கிலத்தில் அடக்ட்) செல் வெட்டி எடுக்காவிட்டால், அடுத்த முறை இழை நகலாகும்போது குவானினுக்கு எதிரே சைட்டோசினுக்குப் பதில் அடினின் வந்து உட்காரலாம். விளைவு, குவானின் இருந்த இடத்தில் தைமின். புகைபிடிப்போரின் நுரையீரல் புற்றுநோய்களில், புற்றைத் தடுக்கும் டிபி53 மரபணுவின் 157, 248, 273ஆம் கோடான்கள் அடிக்கடி மாறியிருப்பதும், அதே கோடான்களில்தான் டையோல் எப்பாக்சைடு விரும்பி ஒட்டுகிறது என்று 1996இல் காட்டப்பட்டதும் இந்தக் கதையின் வலுவான சான்றுகள். அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவம் பென்சோபைரீனை மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

இரண்டாவது வழி ஆக்ஸிஜனேற்றம். பென்சோபைரீன் குயினோன்களாகவும் மாறும். குயினோன்கள் எலெக்ட்ரானை வாங்கி ஆக்ஸிஜனுக்குக் கொடுத்து, மறுபடி வாங்கி, மறுபடி கொடுத்துச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதில் பிறக்கும் சூப்பராக்சைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் குவானினை 8-ஆக்ஸோகுவானினாக்குகின்றன. சில இடங்களில் இழையையும் அறுக்கின்றன.

எல்லாக் கரிம நச்சும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். டையாக்சின்களில் கொடியதான டிசிடிடி டிஎன்ஏவில் ஒட்டுவதில்லை. அதே ஏற்பியை விடாமல் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. பாலிகுளோரினேட்டட் பைஃபினைல்களில் குளோரின் குறைந்தவை குயினோன் வழியில் போகும். ஃபார்மால்டிஹைடு டிஎன்ஏவையும் புரதத்தையும் சேர்த்துத் தைத்துவிடும். அப்படித் தைக்கப்பட்ட டிஎன்ஏ ஜெல்லில் நகராததால் வால் நீள்வதற்குப் பதில் குறுகும்! எனவே சோதனையைத் தொடங்கும் முன்பே உங்கள் நச்சு எந்த வகைச் சேதம் செய்யும் என்று தாளில் எழுதிவிடுங்கள். பிஎச் 13க்கு மேலான கார முறை இழை அறுதலைக் காட்டும். காரம் பட்டால் உடையும் பலவீனமான இடங்களையும் காட்டும். ஒட்டிய கட்டியையும் 8-ஆக்ஸோகுவானினையும் தானாகக் காட்டாது.

எந்தச் செல்

இரத்த லிம்போசைட்டில் தொடங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அமைதி நிலையில் உள்ள லிம்போசைட்டில் பி450 மிகக் குறைவு. மனித இரத்தம் என்பதால் நெறிக்குழு அனுமதியும் வேண்டும். இறுதியாண்டு மாணவருக்கு அதற்கே பாதிப் பருவம் போய்விடும். ஹெப்ஜி2 கல்லீரல் செல்தான் எங்கள் பரிந்துரை. அதிலும் பி450 தொடக்கத்தில் குறைவுதான். ஆனால் பென்சோபைரீனே அதைத் தூண்டிவிடும், அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். ஆகவே 24 மணி நேரம் வைத்திருங்கள். 4 மணி நேரத்தில் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றால் அது செல்லின் தவறல்ல.

குறுகிய நேரம்தான் முடியும் என்றால் எஸ்9 கலவை சேர்க்க வேண்டும். இது தூண்டப்பட்ட எலியின் கல்லீரலை அரைத்து 9,000 ஜி விசையில் சுழற்றி எடுக்கும் மேல்நீர். என்ஏடிபி, குளுக்கோஸ்-6-பாஸ்பேட், மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு சேர்த்தால்தான் வேலை செய்யும். இறுதி அளவு 1 முதல் 2 விழுக்காடு, நேரம் 3 முதல் 4 மணி. அதைத் தாண்டினால் எஸ்9 தானே செல்லைக் கொல்லத் தொடங்கும். ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். எலியைத் தூண்ட நெடுங்காலம் பயன்பட்ட அரோகுளோர் 1254 ஒரு பாலிகுளோரினேட்டட் பைஃபினைல் கலவை என்பது இதில் ஒரு வேடிக்கை: ஒரு மாசை அளக்க இன்னொரு மாசு.

பென்சோபைரீன் கரைசல்

மூலக்கூறு எடை 252.3. 2.52 மில்லிகிராமை 1 மில்லிலிட்டர் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தால் 10 மில்லிமோலார். பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பியில், சிறு பங்குகளாகப் பிரித்து, மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், பென்சோபைரீன் அதன் சுவரில் படிந்துவிடும், நீங்கள் போட்டதாக நினைக்கும் அளவு செல்லுக்குப் போய்ச் சேராது.

வளர்ப்பு ஊடகத்தில் ஆயிரத்துக்கு ஒன்று சேர்த்தால் 10 மைக்ரோமோலார், டிஎம்எஸ்ஓ 0.1 விழுக்காடு. 1, 5, 10, 25 மைக்ரோமோலார் என்று ஏறிப் போகலாம். டிஎம்எஸ்ஓ வளர்ப்புத் தட்டின் எல்லாக் கிணறுகளிலும் ஒரே அளவு இருக்க வேண்டும், நச்சு இல்லாத கட்டுப்பாட்டிலும்கூட. தூய நீரில் பென்சோபைரீன் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம்தான் கரையும். ஊடகத்தில் அதைத் தாங்கிப் பிடிப்பது சீரப் புரதம். அளவைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மஞ்சள் ஊசிகளாகப் படியும். நுண்ணோக்கியில் ஊசி தெரிந்தால் அந்த அளவை அறிக்கையில் சேர்க்காதீர்கள்.

வெளிச்சத்தில் கவனம். பென்சோபைரீன் புற ஊதா ஒளியை உறிஞ்சி, ஆக்ஸிஜனைக் கிளறிவிட்டு, இழையை அறுக்கும். சன்னலோர மேசையில் பினாங்கு வெயில் விழும் இடத்தில் தட்டை வைத்து ஊடகம் மாற்றினால், அழகான நீண்ட வால் கிடைக்கும். அது ஒளியின் வால். வளர்சிதையின் வால் அல்ல. திரையை மூடி, மஞ்சள் விளக்கில் வேலை செய்யுங்கள். மஞ்சள் விளக்கு இல்லையென்றால் தட்டை அலுமினியத் தாளில் சுற்றி, கூடிய மட்டும் மங்கலில் செய்யுங்கள்.

காற்றிலிருந்து எடுத்த சாறு

தூய பென்சோபைரீனுக்குப் பதில் புகைமூட்டத்தின் சாற்றைச் சோதிக்க நினைப்பவர்கள் இங்கே அதிகம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, மாதிரி எடுக்க வாய்ப்பு கூடுதல். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை மட்டும் வைத்து நாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். துகளின் எடை உயர்ந்தால் குறியீடு உயரும். அந்தத் துகளில் என்ன ஒட்டியிருக்கிறது என்பது வேறு கேள்வி.

குவார்ட்ஸ் நார் வடிகட்டியை முன்கூட்டியே 500 டிகிரியில் சில மணி நேரம் சுட்டு, அதிலுள்ள பழைய கரிமப் பொருளை எரித்துவிடுங்கள். நிமிடத்துக்கு 16.7 லிட்டர் இழுக்கும் பிஎம் 2.5 (நுண்துகள்) கருவி 24 மணி நேரத்தில் 24 கன மீட்டர் காற்றை வடிக்கும். வடிகட்டியை டைகுளோரோமீத்தேனில் ஊறவைத்து மீயொலியில் அதிர வைத்து எடுக்கலாம். பாத்திரம் முழுக்கக் கண்ணாடியாக இருக்க வேண்டும். பாலிஸ்டைரீன் குழாயில் ஊற்றினால் குழாயே கரைந்து சாற்றில் சேரும். சாற்றில் முதலில் 240 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓவைப் போட்டுவிட்டு, பிறகு நைட்ரஜனை மெல்ல ஊதி டைகுளோரோமீத்தேனை விரட்டுங்கள். உலர விட்டுப் பிறகு டிஎம்எஸ்ஓ சேர்த்தால், எளிதில் ஆவியாகும் சிறு வளையச் சேர்மங்கள் கையை விட்டுப் போய்விடும்.

இப்போது 1 மைக்ரோலிட்டரில் 0.1 கன மீட்டர் காற்றின் சாறு இருக்கிறது. 1 மில்லிலிட்டர் ஊடகத்தில் 5 மைக்ரோலிட்டர் போட்டால் அரை கன மீட்டர் காற்றுக்கு ஈடு, டிஎம்எஸ்ஓ 0.5 விழுக்காடு. அதுதான் மேல் எல்லை. காற்று இழுக்காத வெற்று வடிகட்டி ஒன்றையும் அதே வழியில் சாறெடுத்துச் சேர்க்க மறக்காதீர்கள். அது இல்லாமல் தேர்வாளர் முன் போய் நிற்பது வீண்.

ஸ்லைடு தயாரிப்பு

1 விழுக்காடு சாதாரண அகரோஸைத் தண்ணீரில் கொதிக்க வைத்து, ஸ்லைடைத் தோய்த்து, அடிப்பக்கத்தைத் துடைத்து, கிடையாக வைத்து உலர்த்துங்கள். இந்த ஊர் ஈரப்பதம்தான் இங்கே எதிரி. ஐரோப்பியச் செய்முறைகளில் 'இரவு முழுதும் அறை வெப்பத்தில்' என்றிருக்கும். ஏர்கோன் இரவில் அணைக்கப்படும் அறையில் அப்படி வைத்தால் காலையில் பூச்சு பிசுபிசுப்பாகவே இருக்கும். மேலே போடும் ஜெல், செல்லைக் கரைத்து டிஎன்ஏவை மட்டும் விட்டுவைக்கும் லைசிஸ் படியில் கழன்று மிதக்கும். 50 டிகிரி அடுப்பில் உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் வையுங்கள்.

செல்களை டிரிப்சினில் 2, 3 நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். டிரைபன் நீலத்தில் உயிருள்ளவை 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அந்த அளவைக் கைவிடுங்கள். சாகும் செல் தன் டிஎன்ஏவைத் தானே துண்டுபோடும், அது நச்சின் மரபுச் சேதமாகாது. மில்லிலிட்டருக்கு 10 லட்சம் செல் இருக்கும்படி குளிர்ந்த பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) கலக்கி, ஐஸில் வையுங்கள். ஐஸ் முக்கியம். சாதாரண இழை அறுதலைச் செல் சில நிமிடங்களிலேயே ஒட்டத் தொடங்கிவிடும்; மேசையில் அரை மணி நேரம் கிடந்தால் பார்க்க வந்த சேதத்தில் பாதி போய்விடும்.

இந்தக் கலவையில் 20 மைக்ரோலிட்டரை, 37 டிகிரியில் இருக்கும் 0.8 விழுக்காடு குறைந்த வெப்பத்தில் உருகும் அகரோஸ் 140 மைக்ரோலிட்டரோடு சேர்த்தால் இறுதி 0.7 விழுக்காடு. ஒவ்வொன்றும் 70 மைக்ரோலிட்டராக ஒரு ஸ்லைடில் இரண்டு சொட்டு, மேலே 20 மில்லிமீட்டர் மூடுதாள், 4 டிகிரியில் 5 நிமிடம். மைக்ரோவேவில் அகரோஸை உருக்கும்போது நீர் ஆவியாகி அடர்த்தி கூடும். உருக்கும் முன்னும் பின்னும் குடுவையை எடைபோட்டு, குறைந்ததைத் தண்ணீரால் ஈடுகட்டுங்கள். ஜெல் கொஞ்சம் கெட்டியானாலும் வால் குறுகும். சென்ற வாரமும் இந்த வாரமும் ஒத்துப்போகாததற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

லைசிஸ்

ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 146.1 கிராம், டைசோடியம் இடிடிஏ டைஹைட்ரேட் 37.2 கிராம், டிரிஸ் 1.2 கிராம். இடிடிஏ தானாகக் கரையாது. சோடியம் ஹைட்ராக்சைடு சுமார் 8 கிராம் சேர்த்துக் கலக்கக் கலக்கத்தான் தெளியும். பிஎச் 10க்குக் கொண்டுவாருங்கள். பயன்படுத்தும் முன் 100க்கு 1 மில்லிலிட்டர் டிரைடன் எக்ஸ்-100. 4 டிகிரியில் குறைந்தது 1 மணி நேரம். இரவு முழுதும் விட்டாலும் கெடாது. நாளைப் பிரிக்க வேண்டுமென்றால் இதுதான் நிறுத்த ஏற்ற இடம்.

நொதியால் மறைந்ததை வெட்டுதல்

8-ஆக்ஸோகுவானினைக் காட்ட எஃப்பிஜி என்ற பாக்டீரிய நொதி இருக்கிறது. கெட்ட பியூரினைக் கண்ட இடத்தில் அதை எடுத்துவிட்டு இழையை வெட்டும். வெட்டியது வாலாகத் தெரியும். நொதித் தாங்கலுக்கு (பஃபர்) ஒரு லிட்டரில் ஹெப்பஸ் 9.53 கிராம், பொட்டாசியம் குளோரைடு 7.46 கிராம், இடிடிஏ 0.19 கிராம், பிஎஸ்ஏ 0.2 கிராம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் பிஎச் 8.0. லைசிஸ் முடிந்த ஸ்லைடை இதில் 5 நிமிடம் வீதம் மூன்று முறை கழுவுங்கள். கழுவல் போதாவிட்டால் லைசிஸின் உப்பும் டிரைடனும் நொதியை முடக்கிவிடும். ஒரு ஜெல்லுக்கு 50 மைக்ரோலிட்டர் நொதி, ஈரப் பெட்டியில் 37 டிகிரி, 30 நிமிடம்.

ஒவ்வொரு மாதிரிக்கும் நொதி இல்லாமல் தாங்கல் மட்டும் ஊற்றிய ஜோடி ஜெல் வேண்டும். நொதி ஜெல்லின் வால் விழுக்காட்டிலிருந்து இதன் வால் விழுக்காட்டைக் கழித்து வருவதுதான் விடை. நொதியின் அடர்த்தியை லேபிளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். புதுப் பொதி வரும்போதெல்லாம், 8-ஆக்ஸோகுவானினை உண்டாக்கும் பொட்டாசியம் புரோமேட் கொடுத்த செல்களிலும் எதுவும் கொடுக்காத செல்களிலும் நான்கைந்து நீர்ப்பு அளவுகளில் போட்டுப் பாருங்கள். புரோமேட் செல்களில் வால் உச்சத்தைத் தொட்டு நிற்க, வெறும் செல்களில் ஏறாமல் இருக்கும் நீர்ப்பைத் தேர்ந்தெடுங்கள்.

ஒட்டிய கட்டிக்கு எஃப்பிஜி போதாது. டையோல் எப்பாக்சைடு கட்டியை வெட்டுவது செல்லின் சொந்த நியூக்ளியோடைடு நீக்கப் பழுதுபார்ப்பு. அந்த வேலையின் பாதியில் இழை சிறிது நேரம் திறந்திருக்கும். உடனே நிரப்பி ஒட்டிவிடுவதால் நமக்குத் தெரியாது. ஹைட்ராக்சியூரியாவும் சைட்டோசின் அரபினோசைடும் சேர்த்தால் நிரப்பும் வேலை நின்றுவிடும், வெட்டுகள் திறந்தபடியே சேரும். பென்சோபைரீன் கொடுத்த செல்லில் இந்த இரண்டையும் சேர்த்ததும் வால் எழுந்தால், அங்கே கட்டிகள் இருந்தன என்பதற்கு நல்ல அடையாளம். இவை தனியாகவும் வால் எழுப்பக்கூடும். ஆகவே முதலில் நச்சு இல்லாத செல்லில் அளவுகளை மாற்றிப் போட்டு, வால் எழாத எல்லையைக் கண்டுபிடியுங்கள். இந்த இரண்டையும் சேர்த்த செல் குழு இல்லாத பென்சோபைரீன் வால்மீன் ஆய்வு பாதி ஆய்வு என்றே சொல்வோம். கட்டியை எண்ணியே ஆக வேண்டும் என்றால் பாஸ்பரஸ்-32 பின்குறியிடல் அல்லது நிறை நிறமாலைமானிதான் வழி.

சாற்றில் குறுக்குத் தையல் போடும் பொருள் இருக்குமோ என்ற ஐயம் வந்தால் இன்னொரு சோதனை: நச்சு கொடுத்த செல்லுக்கு லைசிஸுக்கு முன் ஐஸில் 5 நிமிடம் 50 மைக்ரோமோலார் ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுங்கள். பெராக்சைடு மட்டும் வாங்கிய செல்லைவிட வால் குட்டையாக இருந்தால் இழைகள் தைக்கப்பட்டிருக்கின்றன.

தொட்டி

ஸ்லைடுகளுக்கு மின்சாரம் பாய்ச்சும் தொட்டி இது. தவறுகளில் பெரும்பகுதி இங்கேதான். தாங்கலுக்கு லிட்டருக்கு சோடியம் ஹைட்ராக்சைடு 12 கிராம், இடிடிஏ 0.37 கிராம். நம் காற்றில் ஹைட்ராக்சைடு குருணைகள் தராசிலேயே நீர் கோத்துக்கொள்ளும். எடைபோட்டதில் எவ்வளவு தண்ணீர் என்று யாருக்கும் தெரியாது. புதுப் புட்டியிலிருந்து ஒரே மூச்சில் 10 மோலார் கரைசல் செய்து வைத்து, லிட்டருக்கு அதில் 30 மில்லிலிட்டரும் 200 மில்லிமோலார் இடிடிஏ 5 மில்லிலிட்டரும் சேர்ப்பது நல்லது. பிஎச் மானி 13க்கு மேல் சரியாகக் காட்டாது. எண்ணைத் துரத்தி மேலும் மேலும் காரம் சேர்க்காதீர்கள்.

தாங்கலை முந்தின நாளே செய்து 4 டிகிரியில் வையுங்கள். ஹைட்ராக்சைடு கரையும்போது சூடேறும். அன்றே செய்து அன்றே ஊற்றினால் தொட்டி வெதுவெதுப்பாக இருக்கும். வெப்பம் ஏறினால் காரத்தில் உடையும் இடங்கள் கூடுதலாக உடைந்து, கட்டுப்பாட்டுச் செல்லுக்கே வால் முளைக்கும். குளிர் அறை இருந்தால் தொட்டியை அங்கே கொண்டுபோங்கள். இல்லையென்றால் ஐஸ் தட்டில் உட்கார வைத்து, ஐஸ் உருக உருக மாற்றுங்கள்.

ஸ்லைடுகளைப் பரப்பி, தாங்கல் ஊற்றி, மின்சாரம் இல்லாமல் 20 நிமிடம் விடுங்கள், இழைகள் பிரியட்டும். நேரத்தை மாற்றினால் முழு ஆய்விலும் மாற்ற வேண்டும். பிறகு செ.மீ.க்கு 0.8 முதல் 1 வோல்ட், 20 முதல் 30 நிமிடம். செ.மீ. என்றால் மின்முனைக்கும் மின்முனைக்கும் உள்ள தூரமல்ல, ஸ்லைடு கிடக்கும் மேடையின் நீளம். மேடைக்கு மேலே தாங்கல் மெல்லிய படலமாக இருப்பதால் மின்னழுத்தத்தின் பெரும்பகுதி அங்கேதான் விழும். வோல்ட்டை நிலையாக வைத்து, தாங்கலைச் சில மில்லிலிட்டர் கூட்டியோ குறைத்தோ மின்னோட்டத்தை 300 மில்லிஆம்பியர் அருகே கொண்டுவாருங்கள். மின்வழங்கியில் ஆம்பியர் வரம்பு தாழ்வாக அமைந்திருந்தால், அது சத்தம் போடாமல் வோல்ட்டை இறக்கிவிடும். ஓட்டத்தின் நடுவில் ஒரு முறையாவது திரையைப் பாருங்கள். மாலை இடிமழைக்கு மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் சில வழங்கிகள் தாமாகத் தொடராது. காலையில் ஓட்டுவது நிம்மதி.

ஒரே குழுவின் ஸ்லைடுகளை ஒரே வரிசையில் அடுக்காதீர்கள். தொட்டியின் ஓரமும் நடுவும் ஒரே மாதிரி ஓடாது, கலைத்து அடுக்குங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும், ஒரே நாளில் உறைய வைத்த வெறும் செல் ஒன்றும் பெராக்சைடு கொடுத்த செல் ஒன்றும் இருக்கட்டும். அவை வழக்கம்போல் வரவில்லை என்றால் அந்த ஓட்டத்தையே தூக்கிப்போடுங்கள், மற்றவை எவ்வளவு அழகாக இருந்தாலும்.

முடிந்ததும் 0.4 மோலார் டிரிஸ், பிஎச் 7.5, லிட்டருக்கு 48.5 கிராம், 5 நிமிடம் வீதம் மூன்று முறை. குளிர்ந்த எத்தனாலில் நனைத்து உலர்த்தினால் வாரக்கணக்கில் வைத்துப் பார்க்கலாம்.

எண்ணுதல்

எத்திடியம் புரோமைடு மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம், அல்லது பத்தாயிரத்துக்கு ஒன்று நீர்த்த சைபர் கோல்டு. ஸ்லைடின் பெயரை மறைத்து எண் ஒட்டி, நண்பரிடம் கலைக்கச் சொல்லிவிட்டுப் பாருங்கள். ஒரு ஜெல்லுக்கு 50 செல். ஓரத்தில் இருப்பவற்றையும் குமிழி அருகே உள்ளவற்றையும் விட்டுவிடுங்கள். மென்பொருள் இருந்தால் வாலிலுள்ள டிஎன்ஏ விழுக்காட்டை எடுங்கள். இல்லாவிட்டால் 0 முதல் 4 வரை தரம் பிரித்து, 100 செல்லுக்கு 0 முதல் 400 வரை மதிப்பெண் போடலாம். பழகிய கண்ணுக்கு அது மென்பொருளுக்கு அதிகம் சளைக்காது. தலை சிறுத்து டிஎன்ஏ முழுதும் வாலாகிவிட்ட 'முள்ளம்பன்றி'ச் செல்களைச் சராசரியில் சேர்க்காமல் தனியாக எண்ணி எழுதுங்கள்.

கட்டுப்பாட்டுச் செல்லின் வால் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். 20, 25 என்று வந்தால் டிரிப்சினையும் வெளிச்சத்தையும் தொட்டியின் வெப்பத்தையும் இந்த வரிசையில் சந்தேகியுங்கள்.

புள்ளியியலில் ஒரே ஒரு பொறி: மூன்று நாளில் 100 வீதம் எண்ணிவிட்டு எண்ணிக்கை 300 என்று எழுதுவது. செல்கள் ஒன்றுக்கொன்று தனித்த சான்றுகள் அல்ல. ஒவ்வொரு ஜெல்லின் இடைநிலை எண்ணை எடுத்து, அந்த நாளின் ஜெல்களுக்குச் சராசரி போட்டால் ஒரு நாளுக்கு ஒரு மதிப்பு. மூன்று நாள் செய்தால் எண்ணிக்கை மூன்றுதான். முந்நூறு என்று போட்டால் எந்த வேறுபாடும் உண்மையானதாகத் தோன்றும்.

கழிவு

டிஎம்எஸ்ஓவில் கரைந்த பென்சோபைரீன் மெல்லிய கையுறையைச் சீக்கிரம் ஊடுருவும். நைட்ரைல் இரண்டு அடுக்கு போட்டு, துளி பட்டதும் மேலுறையைக் கழற்றி எறியுங்கள். பென்சோபைரீன் பட்ட முனை, குப்பி, ஊடகம், எத்திடியம் புரோமைடு, டைகுளோரோமீத்தேன் எதுவும் கழுவுதொட்டிக் குழாயில் போகக்கூடாது. 2005ஆம் ஆண்டு மலேசியச் சுற்றுச்சூழல் தர ஒழுங்குமுறைகளின்படி இவை பட்டியலிடப்பட்ட கழிவு, மலாயில் புவாங்கான் தெர்ஜடுவல். ஹாலோஜன் கலந்த கரைப்பானுக்குத் தனிப் புட்டி. புட்டியில் முதல் துளி விழும் நாளன்றே தேதியை எழுதி ஒட்டுங்கள். சேமித்து வைக்க 180 நாள்தான் அனுமதி, எழுதாத புட்டியின் நாளை யாராலும் எண்ண முடியாது.